கணினி கேள்வி – பதில்: பழைய எண், புதிய திருத்தம்

கேள்வி: டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கலைப் பயன்படுத்துகிறேன். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலகத்தில் (பல செயலிகள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) 2023-இல் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, 1.3.2 பதிப்பில் அடைக்கப்பட்டதாகப் படித்தேன். என் கணினியிலோ 1.2.4 தான் இருக்கிறது. வாரந்தோறும் புதுப்பித்தும் எண் மாறவில்லை. ஏன்?

பதில்: பதிப்பு எண்ணின் முற்பகுதியோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முழு எண்ணையும் பாருங்கள், 1.2.4-0.2 என்பதற்குப் பின்னால் 'டெப்12யு1' என்றொரு வால் ஒட்டியிருக்கும். டெபியன் 12-க்காக அந்தப் பொதியில் (நிறுவும் தொகுப்பில்) செய்யப்பட்ட முதல் திருத்தம் என்பது அதன் பொருள். நீங்கள் அஞ்சும் ஓட்டை, அதாவது சி.வி.இ-2023-4863 (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடும் பொது அடையாள எண்), அந்தத் திருத்தத்திலேயே அடைபட்டுவிட்டது.

டெபியன் போன்ற நிலையான வழங்கல்கள் பெரும்பாலும் புதிய பதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நிரலகத்தை உலாவி, படம் காட்டும் செயலி, கோப்பு மேலாளர் எனப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்வதால், புதிய பதிப்பில் ஒரு செயற்கூறின் நடத்தை சற்றே மாறினாலும் அவற்றில் ஏதோ ஒன்று முறிந்துபோகலாம். ஆகவே பராமரிப்பாளர்கள், ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து பிரித்தெடுத்து, பழைய பதிப்பில் பொருத்தித் தருகிறார்கள். லிப்வெப்பியில் நேர்ந்தது, இழப்பில்லா முறையில் சுருக்கப்பட்ட படத்தை விரிக்கும்போது ஒதுக்கிய நினைவக இடத்தைத் தாண்டி எழுதிவிடும் பிழை. அதைத் திருத்த நிரலகத்தையே மாற்ற வேண்டியதில்லை. பதிப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டு 'ஆபத்து' என்று அலறும் சோதனைக் கருவிகள், இந்த வாலைக் கவனிக்காததால்தான் பலரை வீணாகக் கலங்கடிக்கின்றன. ஐயம் எழுந்தால் ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்து, மாற்றக் குறிப்பில் அந்தச் சி.வி.இ எண் உள்ளதா என்று பாருங்கள். அதுவே நம்பத்தகுந்த சான்று.

கேள்வி: லினக்ஸில் புதுப்பித்த பின் கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. புதுப்பிப்பு வட்டிலுள்ள கோப்பைத்தான் மாற்றுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலி, தான் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிய பழைய நிரலகத்தையே, அந்தக் கோப்பு நீக்கப்பட்ட பிறகும், தொடர்ந்து பயன்படுத்தும். மூன்று வாரமாக மூடாத உலாவிக்கு நேற்றைய திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். வரைகலை நிரலகங்களுக்குப் பெரும்பாலும் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும். ஜிலிப்சி போல எல்லாச் செயலிகளும் சார்ந்திருக்கும் நிரலகம் என்றால் மறுதொடக்கமே எளிது. இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்கு (கெர்னல்) எப்படியும் அது வேண்டும். எவையெல்லாம் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி காட்டும்.

கேள்வி: சில செயலிகளை ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை வழியாகவும், சிலவற்றை ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பாகவும் நிறுவியிருக்கிறேன். கணினியின் புதுப்பிப்பு அவற்றுக்கும் சேருமா?

பதில்: சேராது. என்னைக் கேட்டால், முதல் கேள்வியைவிடக் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஆப்இமேஜ் கோப்பு தனக்கு வேண்டிய பெரும்பாலான நிரலகங்களைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. அதை உருவாக்கியவர் புதிய கோப்பை வெளியிட்டு, நீங்களும் அதைப் பதிவிறக்கினாலன்றி உள்ளிருக்கும் ஓட்டை அப்படியே இருக்கும். ஃபிளாட்பேக்கில் நிலைமை சற்று மேல். பொதுவான நிரலகங்கள் 'ரன்டைம்' என்ற தனித் தொகுப்பில் இருப்பதால், அதைப் புதுப்பித்தால் அதைச் சார்ந்த செயலிகள் அனைத்துக்கும் பயன் கிட்டும். ஆனால் செயலியோடு சேர்த்துக் கட்டப்பட்டவற்றுக்குச் செயலியின் புதுப்பிப்பே வர வேண்டும். ஆதரவுக் காலம் முடிந்த ரன்டைம் என்று எச்சரிக்கை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். எலக்ட்ரான் (இணைய நுட்பங்களால் செயலி கட்ட உதவும் சட்டகம்) அடிப்படையிலான செயலிகளும் குரோம் உலாவியின் திறமூல அடிப்படையான குரோமியத்தை ஆளுக்கொன்றாகச் சுமப்பவை. லிப்வெப்பி ஓட்டை முதலில் குரோம் உலாவியின் குறையாக மட்டுமே பதிவானதால், அது தங்கள் செயலிக்குள்ளும் இருக்கிறது என்பதைப் பலர் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

கேள்வி: கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் புதிய பதிப்பு வழியாகவே பின்கதவு (மறைவான நுழைவழி) வைத்தார்கள். அப்படியானால் புதுப்பிக்காமல் இருப்பதே மேல் அல்லவா?

பதில்: அல்ல. 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த அந்தப் பின்கதவு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அது போனது. நிலையான கிளையை எட்டவில்லை. நிலையான கிளைக்கு வருபவை பெரும்பாலும் நான் மேலே சொன்ன சில வரித் திருத்தங்கள்தாம். அவற்றை நிறுத்திவைத்தால், ஊரறிந்த ஓட்டைகளைத் திறந்துவைப்பதாகவே முடியும்.