6 வருஷம் சாப்பிட்ட இமாடினிப் மாத்திரையை நிறுத்தி 4 வாரத்துல அம்மாவுக்கு தோள்வலி, சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) திரும்பிடுச்சா?

வலியை மட்டும் வச்சு திரும்பிடுச்சுன்னு சொல்ல முடியாதுங்க. சிஎம்எல் திரும்புனா முதல்ல பிசிஆர் (ரத்தத்துல அந்த நோயோட மரபணு எவ்வளவு இருக்குன்னு பார்க்குற டெஸ்ட்) ரிப்போர்ட்லதான் தெரியும், அப்ப உடம்புல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது.

இது மாத்திரையை விட்டதால வர்ற வலியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நிறுத்துறவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்காவது வருது. எங்கப்பாவுக்கும் இதேதான், கொல்லங்கோட்டு வீட்ல சட்டைக் கையை நுழைக்கக்கூட நான்தான் பிடிச்சு விடணும், டாக்டர் சொன்ன பாரசிட்டமால்ல ஓட்டி மூணு மாசத்துல தானா போச்சு.

இப்ப செய்ய வேண்டியது, இந்த மாச பிசிஆரை தள்ளிப் போடாம எடுங்க. ரிப்போர்ட்ல ஐஎஸ்னு (சர்வதேச அளவுகோல்) போட்ட சதவீதத்தைப் பாருங்க, 0.1ஐ தாண்டுனா மாத்திரையை திரும்ப ஆரம்பிக்கணும். முதல் 6 மாசம் மாசாமாசம் பார்க்கணும், ஏன்னா நிறுத்துறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு திரும்புது, அதுவும் பெரும்பாலும் இந்த 6 மாசத்துக்குள்ளதான், ஆனா உடனே ஆரம்பிச்சா ஏறக்குறைய எல்லாருக்கும் மறுபடி கட்டுக்குள்ள வந்துடுது. ஒரு மாசம் பாலக்காடு, ஒரு மாசம் கோயமுத்தூர்னு மாத்தாதீங்க, லேபுக்கு லேப் நம்பர் மாறும், வாளையார் தாண்டிப் போகணும்னாலும் ஒரே லேப்.

ஒண்ணு மட்டும், 6 வருஷம் சாப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க, ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி அந்த பிசிஆர் சதவீதம் 0.01க்கு கீழ 2 வருஷமாவது தொடர்ந்து இருந்துச்சான்னு எழுதலையே? டாக்டர் சொல்லாம நீங்களா நிறுத்தியிருந்தா இன்னைக்கே அவருக்கு போன் பண்ணுங்க. காய்ச்சல், எடை குறையுறது, இடது விலாவுக்கு கீழ கனமா இருக்கறதுன்னு எதுவும் இருந்தா பிசிஆருக்குக்கூட காத்திருக்காம கூட்டிட்டுப் போங்க.