மரபணுப் பரிசோதனை எப்போது நோயைத் தடுக்கும்? கேள்வி பதில்

ஒரே விஷயத்தைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவுகளைப் புரிதலுக்காகச் சொல்கிறேன். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (மருத்துவ மாணவர்): மரபணுவை மாற்ற முடியாது. பிறகு அதைத் தெரிந்துகொண்டு நோயை எப்படித் தடுப்பது?

மரபணு மாறாதுதான். ஆனால் அது கெடுதல் செய்வதற்குப் பெரும்பாலும் ஒரு துணை வேண்டியிருக்கிறது: ஓர் உணவு, ஒரு மருந்து, அல்லது கவனிக்காமல் விட்ட இருபது வருடங்கள். அந்தத் துணையை வெட்டிவிடலாம். ஃபினைல்கீட்டோனூரியா நல்ல உதாரணம். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. சாதாரணப் பாலே மூளையைக் கெடுத்துவிடும். பிறந்த முதல் வாரங்களிலேயே உணவை மாற்றி, ரத்தத்தில் அதன் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் வைத்திருந்தால் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி இதை உலர்ந்த ரத்தச் சொட்டில் கண்டறியும் வழியை உருவாக்கினார். இன்று நடக்கும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனைகளெல்லாம் அதிலிருந்து வளர்ந்தவை.

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் மறுநாள் காலையில் எதை மாற்றிச் செய்வோம்? கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

கேள்வி (செவிலியர்): குதிகாலில் எடுத்து அனுப்பும் ரத்த அட்டைகளில் பல "மீண்டும் எடுக்கவும்" என்று திரும்பி வருகின்றன. எங்கே தவறுகிறது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பிறந்து 24 மணி நேரம் ஆவதற்குள் எடுத்தால் இரண்டு பக்கமும் பிழை வரும். குழந்தை இன்னும் போதிய பால் குடித்திருக்காது, அதனால் ஃபினைல்அலனின் ஏறாமல் நோய் தப்பிவிடும். இன்னொரு பக்கம், பிறந்தவுடன் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே உச்சத்துக்குப் போவதால் தைராய்டு குறை இல்லாத குழந்தைக்கும் இருப்பதாகக் காட்டும். 24 மணிக்குப் பிறகு, 72 மணிக்குள் எடுப்பது நல்லது.

அடுத்து கைப்பழக்கம். குதிகாலை மூன்று முதல் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். ஸ்பிரிட் முழுவதும் காய்ந்த பிறகே குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் நீர்த்துவிடும். குதிகாலின் பக்கவாட்டில், 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாத லான்செட்டால் குத்த வேண்டும். நடுவிலும் பின்புற வளைவிலும் எலும்பு அருகிலேயே இருக்கிறது. முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். அழுத்திப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்துவிடும். ஒரே பெரிய சொட்டு அட்டையின் ஒரு பக்கத்தில் பட்டு, மறுபக்கம் வரை ஊறித் தெரிய வேண்டும். வட்டம் நிறையவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு சொட்டு வைப்பதுதான் நிராகரிப்புக்கு அடிக்கடி காரணமாகிறது. அளவு இரட்டிப்பாகி முடிவு பொய்யாகிவிடும்.

அட்டையைப் படுக்கை வசமாக, வெயில் படாமல், குறைந்தது மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் உலர விடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் போடாதீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் நொதிகளை அழித்துவிடும். நல்ல குழந்தைக்கே கேலக்டோசீமியா (பாலிலுள்ள சர்க்கரையை உடைக்க முடியாத நோய்), ஜி6பிடி குறை (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியின் குறை) என்றெல்லாம் முடிவு வரும். ரத்தம் ஏற்றப்போகிற குழந்தையாக இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: என் வயது 34, எடை சரியாக இருக்கிறது. ஆனால் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 240. அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு வந்தது. உணவைக் குறைத்தால் போதுமா டாக்டர்?

போதாது. இதை நீங்கள் அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து எடுக்காத பெரியவருக்கு எல்.டி.எல். 190க்கு மேல், குழந்தைக்கு 160க்கு மேல் இருந்து, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாது. கல்லீரலில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் பாதியளவே வேலை செய்கின்றன. அதனால் நீங்கள் சாப்பிடுவது கொஞ்சமானாலும் ரத்தத்தில் அது தேங்கியே இருக்கும். பிறந்த நாளிலிருந்தே தேங்குவதால்தான் நாற்பதுகளிலேயே இதயத்தைத் தாக்குகிறது. சிகிச்சை எடுக்காத ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் நோய் வருகிறது.

முதலில் தைராய்டு குறை, சிறுநீரில் புரதம், கல்லீரல் அடைப்பு ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அவையும் எல்.டி.எல்.லை ஏற்றும். குதிநாண் தடித்திருக்கிறதா, கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். மரபணுப் பரிசோதனையில் எல்.டி.எல்.ஆர்., ஏ.பி.ஓ.பி., பி.சி.எஸ்.கே.9 என்ற மூன்றையும் பார்ப்பார்கள். அதில் எதுவும் கிடைக்காவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அந்த முடிவுக்காகக் காத்திருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி முக்கியமான பாதி. உங்களுக்கு இருந்தால் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதம். அப்பா வழி வந்தது என்றால் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரை போக வேண்டும். ஒருவரிடம் கண்டுபிடித்து உறவுச் சங்கிலியில் அடுத்தடுத்தவரைப் பார்ப்பதில்தான் செலவு குறைவு, பலன் அதிகம். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை நின்றுபோகிறது. "வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்று வாயால் சொல்வது போய்ச் சேர்வதில்லை. எழுத்தில் கொடுங்கள்: எந்த மரபணு, எந்த மாற்றம் (அறிக்கையில் சி என்ற எழுத்தில் தொடங்கும் முழுக் குறியீடு), எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள், அறிக்கையின் நகல். அது கையில் இருந்தால் உறவினருக்கு அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். அது அவரிடம் இல்லையென்றால் அந்த "இல்லை"யை நம்பலாம். குழந்தைகளுக்குச் சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனையை இரண்டு வயதுக்குப் பிறகே செய்யலாம். ஸ்டேட்டின் தேவையா என்பதைப் பொதுவாக 8 முதல் 10 வயதில் யோசிப்பார்கள்.

இந்த ஆராய்ச்சி அந்தக் குடும்பங்களோடு நின்றுவிடவில்லை. பி.சி.எஸ்.கே.9 மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது என்று 2003இல் தெரிந்தது. அது பழுதானவர்களுக்கு இதய நோய் மிகக் குறைவு என்று 2006இல் தெரிந்தது. 2015இல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன.

கேள்வி: பெரியம்மாவுக்கு 38 வயதில் மார்பகப் புற்று. எனக்கு எடுத்த பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

பயப்படும்படியான முடிவு இல்லை இது. இப்படி வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே மறுவகைப்படுத்தப்படுகின்றன. இதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எதுவும் எடுக்கக்கூடாது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை கண்காணிப்பைக் குடும்ப வரலாற்றை வைத்தே முடிவு செய்வார்கள்.

பரிசோதனையை நோய் வந்தவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். இப்போதும் முடியும் என்றால் பெரியம்மாவுக்குச் செய்யுங்கள். அவரிடம் உறுதியான மாற்றம் கிடைத்து உங்களிடம் அது இல்லையென்றால் உங்கள் ஆபத்து பொதுவான அளவுக்கு இறங்கிவிடும். நோய் உண்டாக்கும் மாற்றம் உறுதியானவர்களின் நிலை வேறு. 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.1இல் சுமார் 72 சதவீதம், 2இல் 69 சதவீதம்; சினைப்பைப் புற்றுக்கு 44, 17. அவர்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேர்த்துச் செய்கிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் கிட்டில் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

முடியாது. இந்த மரபணுக்களில் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இப்படிப்பட்ட கிட்டுகளில் சில, அவற்றில் ஒருசிலவற்றை மட்டுமே பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடும். எத்தனை மாற்றங்களைப் பார்த்தார்கள் என்று அறிக்கையில் படியுங்கள். "உண்டு" என்று வந்தாலும் மருத்துவ ஆய்வகத்தில் புதிய மாதிரி கொடுத்து உறுதி செய்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

கேள்வி: எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருப்பதால் ஃபோலிக் அமிலம் எனக்கு வேலை செய்யாது, விலை கூடிய வேறு மாத்திரைதான் வேண்டும் என்கிறார்களே?

தவறான தகவல். இந்த மாற்றம் மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. இருப்பவர்களின் உடலும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும் என்று நிரூபணமானதும் ஃபோலிக் அமிலம்தான். கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அப்படிக் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் 4 மில்லிகிராம், மருத்துவர் எழுதித்தர வேண்டும். இந்த மரபணுப் பரிசோதனையே தேவையில்லை.

கேள்வி (கிராமச் சுகாதாரப் பணியாளர்): மலேரியாவுக்குப் பிரைமாகுவின் கொடுக்கும் முன் ஜி6பிடி பார்க்கச் சொல்கிறார்கள். நார்மல் என்று வந்தவருக்கே சிறுநீர் கறுத்துப் போனது. எப்படி?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மாதிரி எடுத்த சமயம். ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்தால் பழைய அணுக்கள் போய், நொதி அதிகமுள்ள இளம் அணுக்கள் மிஞ்சும். குறையுள்ளவரும் நார்மலாகத் தெரிவார். சந்தேகமிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு, நோயாளி பெண்ணாக இருப்பது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணிடம் நொதி 30 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். "உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும் எளிய பரிசோதனை 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைத்தான் பிடிக்கும். அளவைச் சொல்லும் பரிசோதனை இருந்தால் பெண்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். மூன்று, கறுத்த சிறுநீர் மலேரியாவாலேயே வந்திருக்கலாம்.

எதுவானாலும் மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். குறை உறுதியானவருக்கு 14 நாள் முறையைத் தவிர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் என்ற முறையை யோசிக்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுவினே கூடாது.

கேள்வி: வலிப்புக்குக் கார்பமஸெபைன் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். எச்.எல்.ஏ.-பி 15:02 பரிசோதனை இப்போது செய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் எதிர்வினை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் வரும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் இந்தப் பரிசோதனை, அதிலும் அவ்வகை அதிகம் காணப்படும் ஆசிய வம்சாவளியினருக்கு முக்கியம். மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை. எனக்கும் விதிதானா?

டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் ஒரு வகை, டைப் 2 சர்க்கரை நோயின் வாய்ப்பைத் தெளிவாகவே கூட்டும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி: இவ்வளவுதான். நோய்க்குப் போனவர்கள் 58 சதவீதம் குறைந்தார்கள். பிறகு மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, ஆபத்தான வகையின் இரண்டு பிரதிகள் உள்ளவர்களுக்கும் இது பலன் தந்திருந்தது. உங்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையை இன்றே செய்து, வருடந்தோறும் தொடருங்கள்.

கேள்வி (சுகாதாரத் திட்ட அலுவலர்): லட்சக்கணக்கான மரபணு இடங்களைக் கூட்டிப் போடும் "ஆபத்து மதிப்பெண்"ணை வைத்து மக்களைத் தரம் பிரிக்கலாமா? பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் முழு மரபணுவையும் படித்துவிடலாமே?

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. மற்ற மக்களிடம் துல்லியம் சரிகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மக்களிடம் சோதித்துப் பார்க்காத மதிப்பெண்ணை வைத்துத் திட்டம் போடாதீர்கள். மூன்று தலைமுறை நோய் வரலாற்றையும் ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கினாலே பல குடும்பங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். ஆரோக்கியமான ஆயிரம் பேரில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டும் நல்ல பரிசோதனை. ஒரு லட்சம் குழந்தைகளில் உண்மையான நோயாளிகள் 10 பேர், பொய்யான பாசிட்டிவ் 100 பேர். இதே தரத்தில் 200 நோய்களை ஒன்றாகத் தேடினால் பொய்யான பாசிட்டிவ் 20,000 வரும்; சில குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேல் வருவதால், சுமார் 18,000 வீடுகளுக்குக் காரணமில்லாத பயம் போய்ச் சேரும். அத்தனை பேருக்கும் உறுதிப் பரிசோதனையும் ஆலோசகரும் இருக்கிறார்களா?

எப்படிப்பட்ட நோய்களைத் தேடலாம் என்பதற்கு வில்சனும் யங்னரும் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய விதிகள் இன்றும் பொருந்தும்: ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், நோய் வெளிப்படுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க அவகாசம் இருக்க வேண்டும். அந்த வடிகட்டியில் தேறும் நோய்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். பெரியவரான பிறகு வரக்கூடிய, இப்போது எதுவும் செய்யமுடியாத நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதா என்பதை அந்தக் குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும்.