மகளுக்கு 11 வயது, எனக்கு 38. இப்போது இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். ஆனால் முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இடைவெளியைவிட உங்கள் வயதுதான் முக்கியம். குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் (அறிவு, உடல் வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு) வரும் வாய்ப்பு தாய்க்கு 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. அந்த வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க, கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் கூடும். அதனால் ‘முதல் பிரசவம் சுகமாகத்தானே ஆச்சு’ என்று இருந்துவிடாதீர்கள். பிரஷர், சுகர், தைராய்டு மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவரா? 2017 சட்டத் திருத்தம் வந்ததிலிருந்து இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

என் பிள்ளைகளுக்குள் பத்து வருட வித்தியாசம். விஷயத்தைச் சொன்ன அன்று பெரியவள் வாயே திறக்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான், “ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா” என்றாள். தம்பி பிறந்ததும் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே பாடம் படித்தாள், அவளாகவே ஆசைப்பட்டு. நானும் அதைப் பழக்கமாக்கிவிட்டேன். ஒருநாள் கேட்காமலே குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். இன்றும் உறுத்துகிறது.

‘அவள் தனியாகிவிடுவாளே’ என்பதற்காக மட்டும் பெறாதீர்கள். உங்கள் இருவருக்கும் ஆசை இருக்க வேண்டும். இப்போது கருத்தரித்தால், சின்னது எல்.கே.ஜி. சேரும் சமயம் மகளுக்குப் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு. ராத்திரி யார் கண்விழிப்பது என்று கணவரிடம் இன்றே பேசுங்கள். அந்தக் கணக்கில் மகளைச் சேர்க்காதீர்கள்.