மழை விட்ட ஐப்பசியில் மல்லாட்டை ஆய்ந்த நாள்

கேள்வி: காசு செலவில்லாமல் ஒரு நாளை முழுசாக ரசித்தது உண்டா?

உண்டு. போன ஐப்பசியில், திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் கொல்லையில். மல்லாட்டை பிடுங்கிய நாள் அது. வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. கடைக்காரரிடம் நிலக்கடலை என்று கேட்டால் எங்கள் ஊரில் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மூடிய வானம், சிலுசிலுவென்று வாடை. அதற்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் சுள்ளென்று வெயில் அடிக்கும் பாருங்கள், கோடை முழுக்க அடித்த வெயிலை எல்லாம் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

ஆடியில் விதைத்தது. ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. கொத்தாகக் காய்க்கும் இந்த ரக மல்லாட்டை முற்றிய பிறகு ஈர மண்ணில் கிடந்தால் அங்கேயே முளைத்துவிடும், பொறுக்காது. அப்பா தினமும் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். கறுத்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்று காலை கிழக்கு வெளுத்ததுமே ஆள் சொல்லப் போய்விட்டார். நான் லீவில் வந்தவன், மாட்டிக்கொண்டேன்.

மண் இளகியிருந்ததால் களைக்கொத்து தேவைப்படவில்லை. செடியை அடியோடு பிடித்து லேசாக ஆட்டி இழுத்தால் 'பொதுக்'கென்று வரும். பூத்தது வெளியே, அப்புறம் விழுது இறங்கிக் காய்த்தது மண்ணுக்குள். உதறினால் ஈர மண் காலில் விழும். ஒரு காயைப் பல்லால் கடித்தேன். தோல் இளஞ்சிவப்பு, உள்ளே பால் மாதிரி இனிப்பு. காய்ந்த கடலையில் இந்த ருசி கிடையாது.

பத்து மணிக்கு மேல் எல்லாரும் புங்கமர நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய ஆரம்பித்தோம். பெரியம்மா என் குவியலைப் பார்த்துவிட்டு, "டவுன் வெரலு. நீ ஒரு படி ஆயறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்றார். தப்பில்லை. அவர் கை ஓடுவதைப் பார்த்தபடியே பாதி நேரம் போனது.

மதியம் மோட்டார் கொட்டகையில் நனையாமல் கிடந்த பனையோலையை மூட்டி, பச்சைக் காயைக் கொட்டிச் சுட்டோம். பாதி கரி, பாதி பச்சை. அதுதான் பக்குவம், விவாதம் வேண்டாம். கூட ஒரு துண்டு வெல்லம். விரலெல்லாம் கரி, உதடெல்லாம் கரி.

மூன்று மணி வாக்கில் தட்டான்கள் வந்தன. காவி மஞ்சள் நிறம், நூற்றுக்கணக்கில், உட்காரவே இல்லை. இந்த வகைத் தட்டான் இந்தப் பருவத்துக் காற்றோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறது என்கிறார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். "ஏன், இங்க இல்லாத கொசுவா அங்க இருக்குது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தட்டான் இடுப்புயரத்துக்கு இறங்கியிருந்ததைக் கவனித்துக்கொண்டிருந்தார். "தார்ப்பாய எடுத்தாடா" என்றார்.

களத்தில் பரப்பியதை வாரிக் கூட்டினோம். ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தால் பருப்பு கலகலக்கும். சத்தமே இல்லை. இன்னும் மூன்று நாள் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சாணம்தான்.

ராத்திரி எட்டு மணிக்குத் தார்ப்பாய் மேல் முதல் தூறல் விழுந்தது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்துபோய் நாலு மூலைக் கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். நான் மடியில் மிச்சமிருந்த சுட்ட காயை உடைத்துக்கொண்டிருந்தேன்.