வேலை போனால் போவது சம்பளம் மட்டுமா? – கேள்வி பதில்

வேலைச் சந்தை, பாதுகாப்பு, மனநிறைவு ஆகியவை பற்றிய பொருளாதார ஆய்வுகளில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 56 வயது. அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கடன் எதுவும் இல்லை, சேமிப்பு இருக்கிறது, நானும் சம்பாதிக்கிறேன். ஆனாலும் அவர் ஆளே மாறிவிட்டார். குளிக்கவே பதினொரு மணி ஆகிறது, யாரோடும் பேசுவதில்லை. பணக் கஷ்டம் இல்லாதபோது ஏன் இப்படி?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி. வியன்னாவுக்கு அருகே மரீன்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு ஆலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதாரமே சரிந்த பெருமந்தக் காலத்தில் அந்த ஆலையை மூடினார்கள். மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அந்த மக்களைக் கிட்ட இருந்து கவனித்து, 1933-ல் ஆய்வை வெளியிட்டது.

அவர்கள் செய்த ஒரு காரியம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் வழியில் குறைந்தது இரண்டு முறை நின்றார்கள். நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். பெண்கள் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் வீட்டு வேலை அவர்களுக்கு ஓயவில்லை. நூலகத்துக்கு முன்பு கட்டணம் இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். கையில் நேரமோ நிறைய. அப்படியும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சம்பளம் போக வேலை வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே பழக்கம், சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஒரு இடம், உடம்புக்கும் மனதுக்கும் ஒரு அலுவல். உங்கள் அப்பா இழந்திருப்பது இவற்றைத்தான். 1994-ல் ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் இருவரும் பிரிட்டன் தரவுகளை வைத்து இதையே எண்களில் காட்டினார்கள். வேலையில்லாதவர்களின் மன நலம், வேலையில் இருப்பவர்களைவிட மிக மோசமாக இருந்தது.

"பணம்தான் இருக்கிறதே, என்ன கவலை?" என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் போயாக வேண்டிய, போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று நாலு பேர் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பு கிடைத்தால் நல்லது. சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: அப்படியானால் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சோர்ந்துதானே போக வேண்டும்? அவர்களுக்கும் வேலை இல்லையே.

பதில்: சரியான மடக்கு. ஜெர்மனியில் 1984 முதல் ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடம் கேட்டுவரும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. ஹெட்ச்கோ, க்னாபே, ஷோப் மூவரும் அதில் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள்: வேலையில்லாமல் இருந்து அப்படியே ஓய்வூதியத்துக்குப் போனவர்கள். இவர்களின் அன்றாடம் பெரிதாக மாறுவதில்லை. நேற்றும் வேலைக்குப் போகவில்லை, இன்றும் போகவில்லை. மாறியது பெயர் மட்டும். "வேலையில்லாதவர்" என்பவர் "ஓய்வு பெற்றவர்" ஆகிறார். அதற்கே வாழ்க்கைத் திருப்தி கணிசமாக ஏறியது. ஆக, சும்மா இருப்பதைவிட "நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை" என்ற குறுகல்தான் ஆளை அதிகம் தின்கிறது.

கேள்வி: எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் எட்டு மாதமாக ஆள் குறைப்பு வரும், வரும் என்கிறார்கள். தூக்கம் போய்விட்டது. போகாத வேலைக்கு இவ்வளவு பயப்படுவது என் பலவீனமா அக்கா?

பதில்: இல்லை தம்பி, பலவீனம் இல்லை. பிரிட்டனில் அரசு ஊழியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு நடக்கும்போதே, அவர்களில் ஒரு துறையைத் தனியாருக்கு விற்கப் போவதாகச் செய்தி வந்தது. யாருக்கும் இன்னும் வேலை போகவில்லை. அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே அவர்களின் உடல்நலம் மற்றத் துறையினரைவிடச் சரிந்தது. முடிவு தெரிந்தால் மனிதர் அடுத்ததைத் திட்டமிடுவார்; தெரியாதபோது எதையும் தொடங்க முடியாது. கொள்கை வகுப்பவர்கள் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்ப்பதில் எனக்குள்ள கோபம் இதுதான். உங்களைப் போன்றவர்கள் அந்த எண்ணுக்குள் வருவதே இல்லை.

கேள்வி: வேலை போனாலும் இன்னொன்று கிடைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

பதில்: பலருக்கு ஆவதில்லை. பென்சில்வேனியாவில் ஒரே நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்து, ஆள் குறைப்பில் வெளியேறியவர்களை ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆராய்ந்தார்கள் (1993). நீண்ட காலத்துக்கு ஆண்டு வருமானம் சராசரியாக 25 சதவீதம் குறைந்தே இருந்தது. ஒரு இடத்தில் பழகிய கைப்பக்குவத்துக்கு இன்னொரு இடத்தில் அதே விலை கிடைப்பதில்லை.

கேள்வி: மாதாமாதம் சும்மா பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

பதில்: பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்தது. வேலையில்லாத 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை கிடைத்தாலும் அது நிற்காது. வேலைக்குப் போவது குறையவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருவர் வேலை பார்த்த நாட்கள் சராசரியாக ஆறு போலக் கூடின. மன அழுத்தம் குறைந்ததாகவும், பிறர் மீது நம்பிக்கை கூடியதாகவும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கருத்துக்கணிப்புக்குப் பதில் தந்தவர்கள் குறைவு. 2018-ல் வேலையின்மை உதவித்தொகை விதிகளும் மாறின. அதனால் அந்த ஆறு நாளைப் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். சோம்பேறி ஆவார்கள் என்ற பயத்துக்கு மட்டும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

கேள்வி: இளைஞர்களுக்கு வேலை கொடுத்தால் வன்முறை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவே குறைகிறதா?

பதில்: இதில் ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளி மாணவர்கள் 1,634 பேரை வைத்து சாரா ஹெல்லர் ஆய்வு செய்தார் (2014). குலுக்கலில் தேர்வானவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வார வேலை. அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காக அவர்கள் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குறைவு பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் வந்தது. திருட்டு போன்ற குற்றங்களும் குறையவில்லை. கையில் காசு வந்ததால் மட்டும் அடங்கினார்கள் என்றால் இது பொருந்தவில்லையே.

அப்புறம் லைபீரியா. தலைநகர் மன்ரோவியாவில் திருட்டிலும் போதைப்பொருள் விற்பனையிலும் இருந்த 999 ஆண்கள். சிலருக்குக் கோபத்தையும் நடத்தையையும் ஆளப் பழக்கும் எட்டு வாரப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. இரண்டும் பெற்றவர்களிடம் பத்து ஆண்டு கழித்தும் நிலைத்திருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ் மூன்றிலும் வேலையின்மை கூடிய இடங்களில் அரசுப் படைகள் மீதான தாக்குதல் கூடவில்லை. தெருச் சண்டையும் ஆயுதக் கிளர்ச்சியும் ஒரே நோய் அல்ல. ஒரே மருந்தும் வேலை செய்யாது.

கேள்வி: ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் மகிழ்ச்சி கூடாதாமே?

பதில்: 2010-ல் உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் அமெரிக்கத் தரவுகளில் அப்படிக் கண்டார்கள். 2021-ல் கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். பிறகு மறுத்தவரும் கானமனும் சேர்ந்தே உட்கார்ந்து 2023-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சி கூடிக்கொண்டே போகிறது. மகிழ்ச்சி மிகக் குறைந்தவர்களுக்கு மட்டும் ஓர் அளவில் நின்றுவிடுகிறது. எண்ணைவிட, சண்டை போட்டவர்கள் சேர்ந்து சரிபார்த்த அந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: முதலில் சொன்ன அந்த மரீன்தால் இப்போது எப்படி இருக்கிறது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி! 2020 அக்டோபரில் அதே ஊரில், ஓராண்டுக்கு மேல் வேலையில்லாதிருந்த எல்லோருக்கும் வேலை உறுதி என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் எட்டு வாரப் பயிற்சி. பிறகு வெளியே வேலை கிடைக்காதவர்களுக்குத் தச்சுப்பட்டறை, தோட்ட வேலை என்று உள்ளூரிலேயே சம்பளத்தோடு வேலை. கட்டாயம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காசியும் லேனரும் அதன் பலனை அளந்தார்கள். வருமானமும் அதன் நிச்சயமும் கூடின. நாளுக்கு ஒழுங்கு திரும்பியது, பழக்கவழக்கம் பெருகியது, தங்களுக்கு மதிப்பு இருப்பதாக உணர்ந்தார்கள். உடல்நலத்தில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. யஹோடா போட்ட பட்டியலில் இருந்தவற்றையே இவர்களும் கேள்விகளாக்கி, அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டிருக்கிறார்கள்.