பின்பனியும் மாசி வெயிலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் புஞ்சையில் முண்டு மிளகாய் முதல் பறிப்பு முடிந்து, பழங்களை முற்றத்து மணலில் காயப் போட்டிருக்கிறோம். பகலில் வெயில் நன்றாக அடித்தாலும் விடியும்போது அனைத்தும் நனைந்து கிடக்கின்றன. பல காய்களில் வெள்ளை பாய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்? – கடலாடி வட்டார வாசகி.

பதில்: அம்மா, நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாயின் பறிப்பு தை, மாசியில் தொடங்குவதால், முதல் பறிப்பு எப்போதும் பனிக்காலத்தில்தான் வந்து விழுகிறது, பங்குனி, சித்திரையில் பறிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீள மிளகாயைப் போலன்றி முண்டு குண்டாகவும் தோல் தடித்தும் இருப்பதால், மேல்தோல் காய்ந்த பிறகும் காம்படியில் ஈரம் தங்கிவிடும். பகலில் சூடேறிய பழத்தின் மேல் இரவில் பனி இறங்கி, மறுநாள் மீண்டும் வெயில் படும்போது நிறம் வெளுக்கிறது. ஈரம் நீடித்தால் உள்ளே பூஞ்சணமும் பிடிக்கும்.

பறித்த பழங்களை அன்றே வெயிலில் பரப்பாமல், இரண்டு நாள் வீட்டுக்குள் நிழலில் குவித்து வையுங்கள். செங்காயாக இருப்பவையும் பழுத்து, நிறம் ஒன்றுபோல் வந்துவிடும். பிறகு மணலை விட்டுவிட்டு, மெழுகிய களத்திலோ சிமெண்ட் தரையிலோ தார்ப்பாயிலோ மெல்லிய பரப்பாக விரித்து, பகலில் சில முறை கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன்பே கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு, காலையில் தரையில் பனி ஈரம் வற்றிய பிறகுதான் மறுபடியும் விரிக்க வேண்டும். விடிந்ததும் விரித்துவிட வேண்டும் என்ற அவசரம் பலரிடம் இருக்கிறது. நனைந்த தரையில் விரிப்பதைவிட ஒரு மணி நேரம் பொறுப்பதில் இழப்பொன்றும் இல்லை. வெயிலைப் பொறுத்து 10 முதல் 15 நாள் ஆகலாம். காயை எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். காம்பை அழுத்திப் பார்த்தால் துவளக் கூடாது.

வெள்ளை பாய்ந்தவற்றை இப்போதே பொறுக்கித் தனியே வையுங்கள். கலந்துவிட்டால் மொத்த வற்றலுக்கும் விலை குறைத்துத்தான் கேட்பார்கள். எடை கூட வேண்டும் என்று விற்பனைக்கு முன் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பூஞ்சணத்தை நாமே வரவழைக்கும் அச்செயலை, 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஒரு விளைபொருளுக்குச் செய்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

கேள்வி: வற்றல் காயும் அதே களத்தின் ஓரத்தில் கருவாடும் காய வைக்கலாமா? – தொண்டிப் பக்கத்து வாசகர்.

பதில்: வேண்டாம். வற்றலில் மீன் வாடை ஏறும். கருவாட்டுக்கு வரும் ஈ வற்றலிலும் உட்காரும். கருவாட்டைக் காற்று வரும் திசை பார்த்து, வற்றலுக்கு எதிர்ப்புறத்தில், மணலில் படாமல் கழி கட்டி வலை விரித்த பரணில் போடுங்கள். அடியிலும் காற்றுப் புகுவதால் விரைவாகவும் காயும்.

கேள்வி: தையில் அறுத்த நெல்லில் விதைக்காக எடுத்து வைத்தது, புரட்டாசியில் விதைக்கும்போது சரியாக முளைப்பதில்லை. ஏன்? – திருவாடானை வட்டார வாசகர்.

பதில்: ஐயா, பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, முழுமையாகக் காயாமல் கட்டுவது; மற்றொன்று, உச்சி வெயிலில் காய்ச்சுவது. விதைநெல்லைக் காலையிலும் பிற்பகலிலும் மட்டும் காய வைத்து, 12 மணி முதல் 3 மணி வரை நிழலுக்கு மாற்றிவிட வேண்டும். கடும் வெயில் முளைப்புத் திறனைக் குறைக்கும். ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்குக் கீழ் வர வேண்டும். கருவி இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பார்த்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும். வெயில் சூட்டோடு மூட்டை கட்டாமல் இரவு ஆறவிட்டு, ஆனால் பனி படாமல் உள்ளே வைத்து, காய்ந்த நொச்சி அல்லது வேப்பிலையோடு கட்டுங்கள். மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகை மேல் வைப்பது முக்கியம், ஏனென்றால் நம் கரையோர வீடுகளில் உப்பு ஏறிய சுவர் கோடையிலும் ஈரம் கசியும்.

கேள்வி: மாசி வந்ததும் எங்கள் தோப்பு ஊற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்குகிறது. ஊரணித் தண்ணீரோ கலங்கலாக இருக்கிறது. குடிப்பதற்கு எது நல்லது? – மண்டபம் பகுதி வாசகி.

பதில்: அம்மா, கடலோர மணலில் மழைநீர் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேலேயே தங்கி நிற்கிறது. சிரட்டையால் ஊறிய அளவுக்கு மொண்டு எடுத்த காலத்தில் அந்த நன்னீர்ப் படலம் கலையாமல் இருந்தது. ஊற்றை ஆழமாகத் தோண்டுவதும் மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைப்பதும் அடியிலுள்ள உப்புநீரை மேலே இழுத்துவிடும். எனவே ஆழப்படுத்தாமல், அகலமான ஆழங்குறைந்த ஊற்றுகளாக இடைவெளி விட்டு எடுத்து, காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று இறையுங்கள். கரித்துவிட்ட ஊற்றுக்கு அடுத்த மழை வரை ஓய்வு கொடுப்பதே வழி.

ஊரணித் தண்ணீரின் கலங்கலுக்குத் தேற்றாங்கொட்டை போதும். மண்பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டு நீரை ஊற்றி அசைக்காமல் வைத்தால், சேறு அடியில் படிந்துவிடும். ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் ஆகாது. வடித்துக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். உங்கள் ஊரில் ஆடுமாடு இறங்கும் ஊரணியும் குடிநீர் ஊரணியும் ஒன்றே என்றால், கரையைச் சுற்றி முள்வேலி அடைக்கும் பேச்சை இந்த மாசியிலேயே ஊர்க்கூட்டத்தில் எடுங்கள். சித்திரையில் நீர் வற்றியதும் தூர் வாரும் வேலையையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.