புதுப்பித்த கைப்பேசியில் பழைய பர்மியச் செய்திகள்

கேள்வி: இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் கைப்பேசியில் தமிழ் எழுத்து அச்சுப்போல் தெளிவாகத் தெரிவது பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் கடைக்குப் பருப்பு அனுப்பும் மொத்த வியாபாரியின் பழைய பர்மியச் செய்திகள் குழம்பிக் கிடப்பது பிடிக்கவில்லை. அவை அழிந்துவிட்டனவா?
– வாசகர், யாங்கோன்

பதில்: அழியவில்லை. அவை பெரும்பாலும் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். மியன்மா 2019 அக்டோபர் 1 முதல், எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு மாறத் தொடங்கியதால், புதிய இயங்குதளம் எல்லாவற்றையும் யூனிகோடாகவே படிக்கிறது. நம் ஒற்றைக் கொம்பைப் போல மெய்க்கு இடப்புறம் நிற்கும் பர்மியக் குறியை ஜோஜி மெய்க்கு முன்னும், யூனிகோடு மெய்க்குப் பின்னும் சேமிப்பதால் அது முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. தமிழுக்குத் தனிக் குறியெண்கள் இருப்பதால் நமக்கு இந்த வம்பில்லை. செய்தியை நகலெடுத்து, ஜோஜியை யூனிகோடாக்கும் மாற்றியில் ஒட்டுங்கள். பருப்புக் கணக்கு அப்படியே கிடைக்கும்.